சட்டாம்பிள்ளையும் சக ஆசிரியரும்

கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரிக் கடைத்தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த தமிழர் ஒருவர், வெகு விரைவில் அறிந்துகொள்ளும் மலையாளச் சொற்களுள் ஒன்று 'சட்டம்பி' என்பது. முரடனையும், பிறரை அதட்டித் திரிபவனையும் அச்சொல் குறிக்கின்றது. அதே மலையாள நாட்டிலே, 1853ஆம் ஆண்டில் பிறந்து 1924இல் மறைந்த பெரியார் ஒருவரைச் 'சட்டம்பி சுவாமிகள்' என்று மக்கள் இன்றும் போற்றுகின்றனர். முரடனுக்கும் முனிவருக்கும் ஒரே பெயர் எவ்வாறு அமைந்தது என்று நேயர்கள் வியக்கலாம்.

விடை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் பேட்டையில் இராமன் பிள்ளை ஆசான் என்பவர் நடத்திய பள்ளியில் அப்பெரியார் இளமையில் பயின்றார். ஆசான் அவரை மற்ற மாணவர்களுக்குத் தலைவராக நியமித்தார். அத்தலைமைப் பதவிக்குப் பெயர் சட்டம்பி. நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் அதே பதவியை வகித்தவனைச் சட்டாம்பிள்ளை என்றோம். பள்ளியில் கிடைத்த பட்டம் துறவு பூண்ட பின்னரும் அவரை விட்டு நீங்கவில்லை. பிற்காலத்தில் அவர் கல்லிடைக்குறிச்சி சுப்பா ஜடாபாடிகளிடம் தங்கித் தமிழும் வேதாந்தமும் கற்றார் என்பது தமிழர்கள் மகிழ்ந்து நினைக்கத்தக்க செய்தி.

ஆயினும் அச்சொல்லின் பின்வரலாறு மகிழ்ச்சி தருவதன்று. உடன் பயில்வோருக்கு உதவுவதற்காக ஏற்பட்ட பதவியின் பெயர், மலையாளத்தில் முரடனுக்கு ஆகிவிட்டது. தமிழிலும், தன்னை ஒருவரும் கேளாதிருக்கும்போதே தலையிட்டு அதிகாரம் செய்பவனைப் பார்த்து, "இவன் என்ன சட்டாம்பிள்ளையா?" என்றுதான் கேட்கிறோம். உதவிக்கென அமைந்த பொறுப்பு அதிகாரமாகத் திரிந்தது ஏன்? பள்ளிக்கூடத்தில் ஒருவர் தம்மோடு ஒத்தவருக்கு வழிகாட்டுவது எங்ஙனம்? இன்று ஆசிரியருக்கு ஆசிரியர் வழிகாட்ட வேண்டும் என்று கல்வித்துறையினர் பேசிவரும் வேளையில், இவ்வினாக்களை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது பயன் தரும்.

பழைய திண்ணைப் பள்ளியின் அமைப்பை முதலில் நினைவு கூர்வோம். ஊருக்கு ஓர் ஆசிரியர். அவரிடம் பல வயதுப் பிள்ளைகள் ஒருங்கே அமர்ந்து படித்தனர். தொடக்கப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினர். கை பழகிய பின் ஓலையில் எழுத்தாணி பிடித்தனர். பிள்ளை பார்த்து எழுதுவதற்காக மேலே எழுதித் தரப்படும் மாதிரி வரிக்கு 'மேல்வரிச் சட்டம்' என்று பெயர். ஆசிரியர் ஒருவரே அத்தனை பேரையும் கவனித்தல் இயலாது. ஆகவே முன்னேறிய பிள்ளைகள் பின்தங்கிய பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தனர். மலையாள நாட்டு எழுத்தாசான்களின் குடிப்பள்ளிக்கூடங்களிலும் இதையொத்த முறையே நிலவியது.

இம்முறை அயல்நாட்டாரின் கண்ணை வெகுகாலத்துக்கு முன்பே கவர்ந்தது. 1623ஆம் ஆண்டில் கன்னட நாட்டு இக்கேரிப் பகுதிக்கு வந்த பியெத்ரோ டெல்லா வல்லே என்ற இத்தாலிய யாத்திரிகர், ஆசிரியரின் துணையில்லாமலே சிறுவர்கள் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லி, தரையில் மணலைப் பரப்பி எழுதிப் பழகியதைக் கண்டு குறித்து வைத்திருக்கிறார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, 1823இல், பெல்லாரி ஜில்லாக் கலெக்டர் ஏ. டி. காம்பெல் தம் அறிக்கையில், மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் இந்நாட்டு முறை பாராட்டுக்குரியது என்றும், இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தக்கதே என்றும் எழுதினார்.

இங்கிலாந்து அதனைப் பின்பற்றிய கதை சென்னையில் தொடங்குகிறது. ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787இல் இந்தியாவுக்கு வந்தார். 1789இல் எழும்பூரில், ஐரோப்பியப் போர்வீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக ஏற்பட்ட விடுதிப் பள்ளியின் மேற்பார்வையை ஏற்றார். ஒருநாள் குதிரை மீது சென்றவர், 'மலபார்' பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் எழுதுவதைக் கண்டார் என்பது அவரது வரலாறு. மலபார் என்றவுடன் அப்பள்ளி மலையாளக் கரையில் இருந்தது என்று கருதிவிடலாகாது. அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் தமிழ் மொழியையும் மலபார் என்றே வழங்கினர். ஆதலால் பெல் கண்டது நம் தமிழ்ப் பள்ளியே.

கண்டதைத் தம் பள்ளியில் செய்து பார்க்க அவர் விரும்பினார். அரிச்சுவடி வகுப்பின் ஆசிரியரை அழைத்து, எழுத்துகளை மணலில் கற்பிக்குமாறு கூறினார். அந்த ஆசிரியருக்கு அதில் நாட்டம் இல்லை. முடியாத காரியம் என்று விட்டுவிட்டார். பெல் அவரோடு வாதிட்டுக் கொண்டிராமல், ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அவ்வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். சிறுவன் செவ்வனே கற்பித்தான். படிப்படியாக மற்ற வகுப்புகளிலும் சிறுவர்களே சிறுவர்க்குப் போதிக்கலாயினர். 1796இல் தாயகம் திரும்பிய பெல், அடுத்த ஆண்டில் இச்சோதனையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1798இல் லண்டனில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதனையொத்த முறையைக் கையாண்டார். இருவருள் முதல்வர் யார் என்ற பூசல் எழுந்தது. 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையினர் நிறுவிய தேசியச் சங்கம் பெல்லின் முறையை நாடெங்கும் பரப்பியது. 'மதராஸ் முறை' என்ற பெயரோடு நம் ஊர்த் திண்ணையின் வழக்கம் கடல் கடந்து சென்றது.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் சிறுவனாகிய பிரிஸ்கனின் திறமையோடு நிறுத்திவிடுகின்றனர். வகுப்பை இழந்த அந்தப் பெயர் தெரியாத ஆசிரியரைப் பற்றி எவரும் சிந்திப்பதில்லை. நம் பொருளுக்கு அவரே முக்கியமானவர். அவர் ஏன் மறுத்தார்? புதிய முறையை அவருக்கு ஒருவரும் செய்து காட்டவில்லை. அவரை அந்தத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துச் சென்று, "சற்றுநேரம் நின்று பாரும்" என்று சொல்லியிருந்தால் அவர் மனம் மாறியிருக்கக்கூடும். பெல் பிறரிடமிருந்து கற்றுக்கொள்ளத் தெரிந்தவர். ஆனால் தாம் கற்றதைச் சக ஆசிரியருக்குக் கற்பிக்கும் பொறுமை அவருக்கு வாய்க்கவில்லை. ஆசிரியரைத் திருத்துவதைவிட அவரை ஒதுக்குவது எளிதாக இருந்தது. அன்று தொட்டு இன்றளவும் கல்விச் சீர்திருத்தம் பலவற்றில் இக்குறை தொடர்ந்து வருகிறது.

மேனாட்டில் அம்முறை பெரிதாக வளர்ந்தபோது மற்றொரு குறையும் வெளிப்பட்டது. ஒரே மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அமர்த்தி, மணியடித்தும் சைகை காட்டியும் சிறுவர் தலைவர்கள் பாடம் நடத்தினர். செலவு குறைந்தது, ஒழுங்கு மிகுந்தது, ஆயின் அறிவு குறைந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? தான் அரைகுறையாகக் கற்றதை அடுத்தவனுக்கு ஒப்புவிக்கச் செய்வதற்கு மேல் சிறுவனால் என்ன செய்ய இயலும்? திண்ணையில் ஆசிரியரின் கண் எதிரே, பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கிடையே நிகழ்ந்த உறவு வேறு. ஆலை போன்ற மண்டபத்தில் நிகழ்ந்த ஆட்சி வேறு. திண்ணையிலும் குறை இல்லாமல் இல்லை. பிரம்பு சட்டாம்பிள்ளையின் கைக்கு மாறியபோது, அவனுக்கு அஞ்சுவோரும் அவனை மகிழ்விக்க முயல்வோரும் தோன்றியதில் வியப்பில்லை. சொல்லின் பொருள் திரியத் தொடங்கியது அந்தப் பிரம்பினால்தான் என்று கருதலாம்.

இனி மட்டாஞ்சேரிக்கு வருவோம். 1818ஆம் ஆண்டில் டாசன் என்ற பாதிரியார், கொச்சி அரசாங்கத்தின் உதவியோடு இவ்வூரில் ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். கொச்சி இராச்சியத்தின் ஆங்கிலக் கல்வி வரலாற்றில் இது முதல் முயற்சிகளுள் ஒன்றாகும். ஆனால் அப்பள்ளி நெடுநாள் நிலைக்கவில்லை. பின்னர் 1845இல் எர்ணாகுளத்தில் தொடங்கப்பெற்ற ஆரம்ப ஆங்கிலப் பள்ளியோ நிலைத்து வளர்ந்து, 1875இல் கல்லூரியாக உயர்ந்து, மகாராஜாக் கல்லூரி என்ற புகழ்பெற்ற நிலையமாகத் திகழ்கிறது. ஒரு பள்ளி நிலைப்பதற்குப் பணமும் கட்டடமும் அரசின் ஆதரவும் வேண்டும். அவை அனைத்தும் இருந்தாலும், இன்றைய ஆசிரியரின் அனுபவம் நாளைய ஆசிரியருக்குச் சென்று சேரும் வழி ஒன்று வேண்டும். அவ்வழி இல்லாத பள்ளி, ஒவ்வோர் ஆசிரியர் விலகும்போதும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது.

இவ்வுண்மையைச் சென்னை கவர்னர் சர் தாமஸ் மன்றோ அறிந்திருந்தார். அவர் 1822இல் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826 மார்ச்சு 10ஆம் நாளிட்ட அவரது குறிப்பில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்ததாகக் காண்கிறோம். பள்ளிகளுக்குக் குறைவில்லை, தகுந்த பயிற்சி பெற்ற ஆசிரியர்களே குறைவு என்பது அவர் கண்ட முடிவு. ஆகவே ஜில்லாக்களிலிருந்து ஆசிரியர்களைச் சென்னைக்கு வரவழைத்துப் பயிற்சியளித்து அனுப்பத் திட்டமிட்டார். மறு ஆண்டே, 1827இல், அவர் காலராவுக்கு இரையானார். அவர் வகுத்த தாசில்தாரிப் பள்ளிகள் 1836இல் கைவிடப்பட்டன.

இதற்கிடையே இங்கிலாந்திலும் சிறுவர் போதனையில் நம்பிக்கை குன்றியது. 1846இல் கே-ஷட்டில்வொர்த் என்பாரின் முயற்சியால் 'மாணவ ஆசிரியர்' திட்டம் வந்தது. பதின்மூன்று வயது நிரம்பியவர் ஐந்தாண்டுக் காலம் தலைமையாசிரியரிடம் தொழில் பயின்றனர். தச்சனிடம் தச்சு பயில்வது போன்ற ஏற்பாடு அது. பகலில் அவர் வகுப்பு நடத்துவதைத் தலைமையாசிரியர் கண்காணிப்பார். பள்ளி நேரத்துக்குப் புறம்பே பாடம் சொல்லிக் கொடுப்பார். நம் நாட்டில் 1856இல் சென்னையில் அரசாங்க ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. அதுவே பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. தென்னாட்டுப் பள்ளிகள் பலவற்றில் பணியாற்றிய ஆசிரியர்கள் அங்கிருந்து சென்றவர்களே.

பயிற்சிக் கல்லூரி தோன்றியதோடு குறை தீர்ந்துவிடவில்லை. கல்லூரியில் கற்றது ஓராண்டு. வகுப்பறையில் நிற்பது முப்பது ஆண்டு. அந்த முப்பது ஆண்டில் ஆசிரியரைப் பார்க்க வந்தவர் யார்? இன்ஸ்பெக்டர் ஒருவரே. தேர்ச்சியைக் கணக்கிட்டு மானியம் வழங்கும் முறை இங்கிலாந்தில் 1862இல் வந்தது. சென்னை மாகாணத்திலும் பின்னர் அது பரவியது. பரிசோதனை நாளன்று பள்ளியைத் துடைத்து மெழுகி, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்தும் வழக்கம் நம்மில் மூத்தோர் பலரும் அறிந்ததே. இன்ஸ்பெக்டரிடம் ஆசிரியர் தம் சிறப்பைக் காட்டினாரேயன்றித் தம் ஐயத்தைக் காட்டவில்லை. தண்டிக்கும் அதிகாரம் உடையவரிடம் எவரேனும், "இந்தப் பாடம் எனக்குச் சரியாக நடத்த வரவில்லை" என்று சொல்வாரா? பழைய சட்டாம்பிள்ளையின் பிரம்பு, அதிகாரியின் எழுதுகோலாக மாறி வந்தது என்றே சொல்ல வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பின் இப்போக்கை மாற்ற முயன்றவர் பலர். 1964 முதல் 1966 வரை பணிபுரிந்த கோத்தாரிக் கல்விக் குழு, ஓர் உயர்நிலைப் பள்ளியும் அதனைச் சுற்றிய தொடக்க, நடுநிலைப் பள்ளிகளும் ஒரு தொகுதியாக இணைந்து, ஆசிரியர்கள் தம்முள் உதவிக்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேரளத்தில் 1994இல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் காசர்கோடு, வயநாடு, மலப்புரம் ஆகிய மாவட்டங்களில் தொடங்கியது. ஆசிரியர்கள் அண்டைப் பள்ளி ஆசிரியரோடு கூடி உட்கார்ந்து பாடத்தை ஆராயும் 'கிளஸ்டர்' கூட்டங்கள் அதன் வழியே வேரூன்றின. பின்னர்ச் சர்வ சிக்ஷா அபியான் மூலம் அவ்வேற்பாடு பிற மாவட்டங்களுக்கும் பரவியது. மட்டாஞ்சேரியும் எர்ணாகுளம் மாவட்டத்தில் தனி உபஜில்லாவாக அமைந்து இதில் பங்கு பெற்றுள்ளது.

தமிழகத்தில் நிகழ்ந்த ஒரு முயற்சி இன்னும் தெளிவான பாடம் புகட்டுகிறது. ஆந்திரத்து ரிஷிவேலிக் கிராமக் கல்வி மையத்தில், பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் அட்டைகளின் துணையால் தத்தம் வேகத்தில் கற்கும் முறை வளர்ந்திருந்தது. 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி தன் ஆசிரியர்களை அங்கு அனுப்பியது. அவர்கள் வகுப்பில் அமர்ந்து பார்த்தனர். திரும்பி வந்து தாமே அட்டைகளைத் தயாரித்தனர். முதலில் 13 பள்ளிகளில் செய்து காட்டினர். பின்பு அந்த ஆசிரியர்களே மற்றவர்களுக்கு வழிகாட்டினர். 2007–08இல் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் அது மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்றது. பரவிய வேகத்தில் ஆழம் குறைந்தது என்று குறை கூறியோரும் உண்டு. பின்னாளில் அம்முறை மாற்றப்பட்டது. ஆனால் பெல் செய்யத் தவறியதைச் சென்னை ஆசிரியர்கள் தொடக்கத்தில் செய்தனர் என்பதை மறுக்க முடியாது. மறுக்கும் ஆசிரியரை ஒதுக்குவதற்குப் பதிலாக, அவரை அழைத்துச் சென்று காட்டினர்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர்க்கு வழிகாட்டும் தேசிய இயக்கம் ஒன்றை அமைக்கப் பரிந்துரைத்துள்ளது. இயக்கம் எதுவாயினும், பலன் இரண்டு ஆசிரியர்களுக்கிடையே உள்ள உறவைப் பொறுத்தது. அவ்வுறவு எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு மேலே கண்ட வரலாறு சில தெளிவுகளைத் தருகிறது.

முதலாவதாக, வழிகாட்டுபவர் முதலில் தம் வகுப்பின் கதவைத் திறந்து வைக்க வேண்டும். "என் பாடத்தை வந்து பாருங்கள், எங்கே தடுமாறுகிறேன் என்று சொல்லுங்கள்" என்று இளைய ஆசிரியரை அழைப்பவருக்கே, பின்னர் அவருடைய வகுப்பில் சென்று அமரும் உரிமை உண்டாகிறது. மேல்வரிச் சட்டத்தை எழுதிக் காட்டாமல், பிள்ளையின் எழுத்தைக் குறை சொல்லும் ஆசிரியரைத் திண்ணையிலும் எவரும் மதித்ததில்லை.

இரண்டாவதாக, வழிகாட்டுதலையும் மதிப்பிடுதலையும் ஒருவர் கையில் கொடுத்தல் ஆகாது. இளைய ஆசிரியரின் பணிக்குறிப்பை எழுதுபவரிடம் அவர் தம் ஐயத்தைச் சொல்லமாட்டார். ஆகவே சக ஆசிரியரின் வகுப்பில் கண்டதை, அவர் அனுமதியின்றித் தலைமையாசிரியரிடம் கூறாதிருத்தல் வழிகாட்டுபவரின் அறமாகும். இந்த ஓர் அறம் தவறினால் மற்ற முயற்சி அனைத்தும் வீணாகும்.

மூன்றாவதாக, ஒரு சமயத்தில் ஒரு பொருளையே எடுத்துக்கொள்ள வேண்டும். கரும்பலகை எழுத்து, குரல், கேள்வி கேட்கும் முறை, பின்தங்கிய பிள்ளை என எல்லாவற்றையும் ஒரே மாலையில் கொட்டினால் கேட்பவர் மனம் சோர்வார். கேள்வி கேட்டபின் பிள்ளை சிந்திக்கச் சிறிது நேரம் விடுகிறோமா என்ற ஒன்றை மட்டும் இரு வாரம் இருவரும் கவனித்தால், அதிலிருந்து மற்றவை தாமே தொடரும்.

நான்காவதாக, அனுபவம் எப்போதும் வயதைப் பின்பற்றுவதில்லை. மட்டாஞ்சேரியையே எண்ணிப் பாருங்கள். மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ், உருது எனப் பல வீட்டு மொழிகள் சில தெருக்களுக்குள் புழங்கும் ஊர் இது. இத்தகைய ஊரில் இருபது ஆண்டு பணியாற்றியவர் அறியாத ஒரு பிள்ளையின் வீட்டு மொழியை, நேற்று வந்த இளம் ஆசிரியை அறிந்திருக்கலாம். அந்த ஒரு பொருளில் அவரே வழிகாட்டி, மூத்தவரே மாணாக்கர். இந்த மாறாட்டத்துக்கு மனம் இசையாதவர் சட்டம்பி ஆவாரேயன்றிச் சக ஆசிரியர் ஆகார்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இது பேசி மறந்துவிடத்தக்க செய்தியன்று. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகளிலும், மும்பை மாநகராட்சியின் தமிழ் வகுப்புகளிலும், கேரளத்து இடுக்கி, பாலக்காட்டுத் தமிழ்ப் பள்ளிகளிலும் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் தொகை பெரிதன்று. ஒரு பள்ளியில் ஒரே ஒரு தமிழாசிரியர் இருப்பதும் உண்டு. வீட்டில் ஒரு மொழியும் தெருவில் ஒரு மொழியும் பேசும் பிள்ளைக்கு லகர, ளகர, ழகர வேறுபாட்டை எவ்வாறு உணர்த்துவது, தமிழ் எழுத்தை இரண்டாம் எழுத்தாகக் கற்கும் பிள்ளை எங்கே இடறுவான் என்பன போன்ற நுட்பங்கள் எந்தப் பயிற்சிக் கல்லூரியின் பாடத்திலும் முழுமையாகக் கிடைப்பதில்லை. அவை ஒவ்வோர் ஆசிரியரும் பல்லாண்டு தட்டுத் தடுமாறித் தேடிய செல்வம். அவர் ஓய்வு பெறும் நாளில் மாலையும் பொன்னாடையும் அணிவித்து அனுப்பிவிடுகிறோம். அச்செல்வமும் அவரோடு வாயிலைத் தாண்டிப் போய்விடுகிறது.

இதனைத் தடுப்பதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஓய்வுக்கு ஓராண்டு முன்னரே, அவருக்குப் பின் வருபவரையோ அண்டைப் பள்ளித் தமிழாசிரியரையோ வாரத்தில் ஒருநாள் அவர் வகுப்பில் அமரச் செய்யலாம். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாவுக்கு ஒதுக்கும் நாள்களுள் ஒன்றை, ஆசிரியர்கள் கூடித் தம் வகுப்பு அனுபவத்தைப் பரிமாறிக்கொள்ள ஒதுக்கலாம். பெற்றோரும், இன்ன ஆசிரியர் வகுப்பில் வேறோர் ஆசிரியர் ஏன் அமர்ந்திருக்கிறார் என்று ஐயுறாமல், அது பள்ளிக்கு நலம் என்று உணர்ந்து ஊக்கமளிக்கலாம். உங்கள் ஊர்ப் பள்ளியில் இவ்வாண்டு ஓய்வு பெறவிருக்கும் தமிழாசிரியர் யார் என்று விசாரித்து அறிவதே இதற்கு முதற்படியாகும்.